சின்னப் பசங்களுக்கு இங்கிலீஷ் நவுன் வகைகள் சொல்லிக்குடுக்கிறது எப்படி: நான் சொதப்பிக் கத்துக்கிட்ட வரிசை

என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல அஞ்சு வகை நவுனையும் (நவுன்னா பெயர்ச்சொல்) டெஃபனிஷனோட சொல்லிக்குடுத்தேன். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி கடகடன்னு ஒப்பிச்சுட்டா, நானும் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் ஒர்க்‌ஷீட் வந்துச்சு, 10க்கு 3. டெஃபனிஷன் கேட்டா இப்பவும் தப்பில்லாம சொல்றா, ஆனா ஒரு வரியக் குடுத்து இதுல எது என்ன வகைன்னு கேட்டா முழிக்கிறா. அப்பறம் ரெண்டு மாசம் நானும் அவளும் மல்லுக்கட்டி, நடுவுல ரெண்டு மூணு தடவ அழுது (அவ மட்டும் இல்ல), ஒரு வழியா ஒரு வரிசை கெடச்சுது. அதே வரிசையில அக்கம்பக்கத்துப் பசங்க சிலருக்கும் சொல்லிக்குடுத்துப் பாத்தேன், ஓரளவு வேலை செய்யுது. நீங்க இப்பதான் ஆரம்பிக்கிறீங்கன்னா என்னோட ரெண்டு மாசத்த மிச்சம் பண்ணிக்கோங்க.

1. மொதல்ல புக்கத் தெறந்து எத்தன வகைன்னு பாருங்க

இத பண்ணாமத்தான் நான் மொத அடி வாங்குனேன். சில புக்ல காமன், பிராப்பர், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட்னு 5 வகை இருக்கும். சிலதுல மெட்டீரியல தனியா சொல்லவே மாட்டாங்க. சிலதுல கான்கிரீட் (புலனுக்குச் சிக்குறது), அப்ஸ்ட்ராக்ட் (சிக்காதது)னு பிரிச்சுட்டு கவுண்டபிள், அன்கவுண்டபிள்னு தனிப் பாடம் வெச்சிருப்பாங்க. இதுல எதுவும் தப்பில்ல, ஆளாளுக்கு ஒரு மாதிரி பிரிக்கிறாங்க அவ்ளோதான், ஆனா நீங்க ஒரு மாதிரி சொல்லிக்குடுத்து ஸ்கூல்ல வேற மாதிரி கேட்டா அடி வாங்குறது பிள்ளைதான். அதனால இந்த வருஷப் புக்கோட இன்டெக்ஸ் பக்கம், போன வருஷப் புக் இருந்தா அதுவும், டீச்சர் குடுத்த ஒர்க்‌ஷீட் ரெண்டு, இவ்ளோவும் கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க.

வேற என்ன வேணும்னா, ஒரு பழைய நோட்டு, ரெண்டு கலர் பென்சில், ஒரு பக்கம் எழுதுன பேப்பரக் கிழிச்சு வெட்டுன ஒரு 40 துண்டு. செலவு அவ்ளோதான், அதாவது ஒன்னுமே இல்ல. நான் காசு குடுத்துப் படம் போட்ட கார்டு செட் ஒன்னு வாங்கினேன், சுத்த வேஸ்ட். அதுல ஹேப்பினஸ்ங்கிற கார்டுல ஒரு பொண்ணு சிரிக்கிற மாதிரி படம் இருந்துச்சு. என் பொண்ணு அதப் பாத்துட்டு "கேர்ள், காமன் நவுன்"னு சொன்னா. அவ சொன்னதுல என்ன தப்பு? படத்துல இருக்கிறது பொண்ணுதான! கைப்பட எழுதுன துண்டுச்சீட்டு போதும், அதுவும் பிள்ளையே எழுதுனா இன்னும் நல்லது, ஸ்பெல்லிங்கும் சேந்து வந்துரும்.

2. எத்தன நாள் ஆகும், எந்த வயசுல எது

ஒரு நாளைக்கு 15 நிமிஷம், மிஞ்சிப் போனா 20. அதுக்கு மேல போனா நீங்க பேசிட்டிருப்பீங்க, பிள்ளை வேற எங்கயோ இருக்கும். எனக்கு முழுசா முடிய கிட்டத்தட்ட 6 வாரம் ஆச்சு, அதுல பாதி கவுண்டபிளுக்கே போச்சு.

6, 7 வயசுக்கு காமனும் பிராப்பரும் போதும். 7, 8ல ஒருமை பன்மை, எண்ண முடியுமா முடியாதா. 8, 9ல கலெக்டிவும் மெட்டீரியலும். அப்ஸ்ட்ராக்ட்ட 9 வயசுக்கு முன்னாடி தொடாம இருந்தா நல்லது, புக்ல இருந்தா வேற வழியில்ல, மேலோட்டமா சொல்லிட்டு விட்டுருங்க. பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி அஞ்சையும் அள்ளிப் போடுற வேல மட்டும் வேணவே வேணாம்.

3. மொத மூணு நாள் வகையே சொல்லாதீங்க

இது பேரா இல்லையா, அத மட்டும் கண்டுபிடிக்கட்டும். கதைப் புக்ல ஒரு நாலு வரி எடுத்துக்குங்க, எது எதோட பேருன்னு கோடு போடச் சொல்லுங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. வாட்டர், பிளே, ரன் மாதிரி சொல்லு ஒரு எடத்துல நவுனா இருக்கும், இன்னொரு எடத்துல வெர்பா இருக்கும். "ஐ டிரிங்க் வாட்டர்"ல வாட்டர் நவுன். "ஐ வாட்டர் தி பிளான்ட்ஸ்"ல அதே சொல்லு செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு ஆயிருது. பிள்ளைங்க வாட்டர்னு ஒரு தடவ நவுன் லிஸ்ட்ல எழுதிட்டா எங்க பாத்தாலும் கோடு போட்டுரும். அதனால தனிச் சொல்லா குடுத்து கேக்குற பழக்கத்த மொத நாள்லயே விட்டுருங்க, எப்பவும் முழு வரியா குடுங்க. மொத்தக் கட்டுரையில ஒன்னே ஒன்னுதான் எடுத்துக்குவேன்னு சொன்னீங்கன்னா இத எடுத்துக்குங்க, முக்கால்வாசிக் குழப்பம் தனிச் சொல்லக் குடுத்து வகை கேக்குறதுலதான் வருது.

4. காமனும் பிராப்பரும்: இங்க கஷ்டம் கேப்பிட்டல் லெட்டர்தான்

வித்தியாசம் புரிய வெக்கிறது ஈஸி. கிரவுண்ட்ல நின்னு "ஏ பொண்ணு"ன்னு கத்துனா எத்தன பேர் திரும்புவாங்க? உன் பேரச் சொல்லிக் கத்துனா? முடிஞ்சுது. எங்க வீட்டுல உடனே "எங்க கிளாஸ்ல என் பேர்லயே ரெண்டு பேர் இருக்கோமே"ன்னு கேள்வி வந்துச்சு. ரெண்டு பேர் இருந்தாலும் அது அவங்களுக்குன்னு தனியா வெச்ச பேரு, பொண்ணுங்கிறது யாரும் தனியா வெச்ச பேரில்லன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டா. சிட்டி காமன், லண்டன் பிராப்பர். ரிவர் காமன், நைல் பிராப்பர். இப்படி ஜோடி ஜோடியா 10 துண்டுச்சீட்டு எழுதிக் கலைச்சுப் போட்டு ஜோடி சேக்கச் சொல்லுங்க, ரெண்டே நாள்ல புடிச்சுக்கும்.

எழுதும்போதுதான் வண்டி நிக்கும். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு ஒன்னு கிடையவே கிடையாது, அதனால தமிழ்ல எழுதிப் பழகுன கைக்கு நடு வரியில வர்ற ஒரு பேர மட்டும் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும்னு தோணவே தோணாது. ஞாபகமறதி, கவனக்குறைவுன்னு திட்டாதீங்க (நான் திட்டினேன், ஒன்னும் நடக்கல). அதுக்கு பதிலா, எழுதி முடிச்ச ஒடனே கலர் பென்சில எடுத்து பிராப்பர் நவுனோட மொத எழுத்த மட்டும் தேடித் தேடி வட்டம் போடச் சொல்லுங்க. எழுதும்போது யோசிக்க வேணாம், முடிச்சப்பறம் தேடுனா போதும். ஒரு ரெண்டு வாரத்துல எழுதும்போதே வர ஆரம்பிச்சிரும்.

அடிக்கடி சறுக்குற எடங்க:

நாள் பேரு, மாசப் பேரு கேப்பிட்டல்ல வரும், ஆனா சம்மர், வின்டர் மாதிரி பருவப் பேரு வராது. ஏன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல, பழக்கம் அப்படின்னு சொல்லிட்டுப் போங்க. மொழிப் பேரும் கேப்பிட்டல்ல வரும், தமிழ் இங்கிலீஷ் எதுவானாலும்.

திருப்பிப் போட்டு யோசிக்கிற ஆபத்தும் இருக்கு. கேப்பிட்டல்ல இருந்தா பிராப்பர்னு பிள்ளை முடிவு பண்ணிரும். வரியோட மொத சொல்லு எப்பவுமே கேப்பிட்டல்தான், நான்னு சொல்ற "ஐ"யும் கேப்பிட்டல்தான், ரெண்டுக்காகவும் எதுவும் பிராப்பர் நவுன் ஆயிராது. என் பொண்ணு ஒரு பக்கம் முழுக்க வரியோட மொத சொல்லுல எல்லாம் வட்டம் போட்டு வெச்சிருந்தா, "தி"ய கூட விடல.

மதர், ஃபாதர் கொஞ்சம் வம்பு புடிச்சது. "மை மதர்"னு வந்தா சின்ன எழுத்து, அம்மாவ பேருக்குப் பதிலா அப்படியே மதர்னு கூப்பிட்டா பெரிய எழுத்து. மொத ரவுண்ட்ல இத விட்டுருங்க.

5. தமிழ் இலக்கணத்தோட கோத்து விடாதீங்க

தமிழ்ல பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில்னு 6 வகை. பிள்ளை அதையும் படிச்சிட்டிருந்தா ஒன்னுக்கு ஒன்னு ஜோடி சேக்கலாம்னு நமக்கு ஆசை வரும். நான் ஒரு டேபிளே போட்டேன், போட்டு முடிக்கும்போது எனக்கே தல சுத்துச்சு. பள்ளியும் இந்தியாவும் தமிழ்ல ரெண்டும் இடப்பெயர், இங்கிலீஷ்ல ஸ்கூல் காமன், இந்தியா பிராப்பர். வாரமும் திங்களும் ரெண்டும் காலப்பெயர், ஆனா வீக் காமன், மண்டே பிராப்பர். கை, இலை எல்லாம் தமிழ்ல தனியா சினைப்பெயர், அங்க அது வெறும் காமன். பண்புப்பெயர் மட்டும் அப்ஸ்ட்ராக்ட்டோட ஓரளவு ஒத்துப்போகும், நல்லங்கிறது நன்மைன்னு ஆகுற மாதிரி, அத அங்க வரும்போது பாத்துக்கலாம். இங்கிலீஷ்காரன் பேர வேற மாதிரி பிரிக்கிறான்னு ஒரே வரியில சொல்லி முடிங்க.

6. கவுண்டபிள், அன்கவுண்டபிள்: இங்கதான் நேரத்தப் போடணும்

மத்த வகைங்க ஒர்க்‌ஷீட்டுக்கு உதவும், இது வாழ்நாள் முழுக்க உதவும். "எ" போடலாமா, கடைசியில எஸ் போடலாமா, மெனியா மச்சா, எல்லாமே இத வெச்சுத்தான். பெரியவங்களே இங்கதான் தடுக்கி விழறாங்க.

நம்ம பேச்சுல "பத்து மாடு வந்துச்சு"ன்னுதான் சொல்றோம், மாடுகள்னு யார் சொல்றா. அதே பழக்கத்துல பிள்ளை "டென் கவ்"னு எழுதும். எஸ் போடுன்னு கத்துறதுக்கு முன்னாடி இத பிள்ளைக்குச் சொல்லிருங்க: தமிழ்ல பத்துன்னு சொன்னாலே போதும், இங்கிலீஷ்ல பத்துன்னும் சொல்லணும், மாட்டோட வாலுலயும் காட்டணும். வால்னு சொன்னதுல இருந்து எங்க வீட்டுல எஸ்ஸுக்குப் பேரு வாலு. "வால் எங்கடி"ன்னு கேட்டா போதும், சரி பண்ணிருவா. "எ" ஒன்னுக்கு மட்டும்தான், உயிரெழுத்து சத்தத்துல ஆரம்பிச்சா "அன்", சத்தத்தப் பாக்கணும் எழுத்தப் பாக்கக் கூடாது, அதனாலதான் அன் அவர் (ஒரு மணி நேரம்), ஆனா எ யூனிவர்சிட்டி.

எண்ண முடியாததுக்கு நான் பண்ணது இது. மேசை மேல ஒரு டம்ளர் தண்ணி, ஒரு கை மணல், நாலு பென்சில் வெச்சேன். எண்ணுன்னு சொன்னேன். பென்சில் நாலு. தண்ணி? "ஒன்னு"ன்னா. அந்த ஒன்னு தண்ணியா டம்ளரான்னு கேட்டு தண்ணிய ரெண்டு டம்ளர்ல பிரிச்சு ஊத்தினேன். இப்ப ரெண்டு தண்ணி ஆயிருச்சா, தண்ணி கூடிருச்சா? கொஞ்ச நேரம் பாத்துட்டு "டம்ளர்தான் ரெண்டு, தண்ணி அதே தண்ணி"ன்னா. அங்க வெளக்கு எரிஞ்சுது. "டூ கிளாசஸ் ஆஃப் வாட்டர்"னு எழுதி, வால் கிளாஸுக்குத்தான் மொளைக்குது, வாட்டருக்கு இல்லன்னு காட்டினேன்.

அப்பறம் அவ ஒரு கேள்வி கேட்டா பாருங்க. "மணி, அதான் பணம், அன்கவுண்டபிள்னு புக்ல போட்டிருக்கு, நீங்கதான் மாசாமாசம் எண்ணுறீங்களே?" நியாயமான கேள்வி. நாம எண்ணுறது நோட்டையும் காசையும், அதாவது காயின்ஸ், நோட்ஸ். ஒரு மணி, ரெண்டு மணின்னு பணத்த இங்கிலீஷ்ல சொல்ல முடியாது. இந்தக் கேள்வி உங்க வீட்டுலயும் வரும், தயாரா இருங்க.

நம்ம வாய்ல தெனம் வர்ற சில சொல்லுங்க ரொம்ப ஏமாத்தும். ரெண்டு ஹோம்வொர்க் இருக்கு, நாலு லக்கேஜ் இருக்கு, ஒரு அட்வைஸ் சொல்றேன்னு தமிழ்ல தாராளமா சொல்றோம், இங்கிலீஷ்ல இதுக்கு எதுக்குமே வால் கிடையாது, முன்னாடி "எ"யும் கிடையாது. ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் இதெல்லாமும் அதே கூட்டம்தான். நியூஸ் கடைசியில எஸ் இருக்கும், ஆனா அது வாலு இல்ல, "தி நியூஸ் இஸ் குட்"னுதான் வரும். இந்த ஏழையும் ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. ஹேர் மாதிரி ரெண்டுலயும் வர்றது இருக்கு, தலமுடி மொத்தமா ஹேர், தட்டுல கெடக்குற ஒத்த முடி "எ ஹேர்". சைல்ட் சில்ட்ரன், டூத் டீத், ஷீப் ஷீப் மாதிரி வாலில்லாப் பன்மையெல்லாம் அப்பறம் தனியா ஒரு வாரம் வெச்சுக்கலாம்.

7. கலெக்டிவ்: 10 போதும், 50 வேணாம்

டீம், கிளாஸ் (வகுப்பு), ஃபேமிலி, ஆர்மி, குரூ (கப்பல், விமானத்துல வேல பாக்குற ஆளுங்க), பன்ச் (கொத்து), ஹெர்ட் (மாட்டு மந்தை), ஃப்ளாக் (ஆட்டு மந்தை), ஸ்வார்ம் (தேனீக் கூட்டம்), பேக் (ஓநாய்க் கூட்டம்). இது போதும். சிங்கக் கூட்டத்துக்கு ஒரு பேரு, காக்கா கூட்டத்துக்கு ஒரு பேருன்னு பெரிய லிஸ்ட் தேடித் தேடி மனப்பாடம் பண்ண வெக்கிற பெத்தவங்களப் பாத்திருக்கேன், பிள்ளை அத எந்த வரியில எழுதப் போகுது சொல்லுங்க.

பொறி எங்கன்னா, "எ பன்ச் ஆஃப் கீஸ்"ல கோடு போடுன்னா பிள்ளை நாலு சொல்லுக்கும் சேத்துக் கோடு போடும். கலெக்டிவ் பன்ச் மட்டும்தான், கீஸ் சும்மா காமன். சாவிக்கொத்த கையில குடுத்து ஒவ்வொரு சாவியா கழட்டச் சொல்லுங்க. எல்லாத்தையும் கழட்டுனப்பறம் சாவி எல்லாம் அங்கயே இருக்கு, கொத்து மட்டும் காணாமப் போச்சு. எது காணாமப் போச்சோ அதுக்குத்தான் கலெக்டிவ்னு பேரு.

டீமுக்கு இஸ்ஸா ஆரா? பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ரெண்டும் எழுதுறாங்க, அமெரிக்கன்ல பெரும்பாலும் இஸ்தான். சின்ன வகுப்புக்கு இஸ்னே போங்க, புக்ல வேற மாதிரி இருந்தா புக் சொல்றதுதான். போலீஸ் மட்டும் எப்பவும் ஆர்.

8. மெட்டீரியல்: ஒரே நாள்

இதால ஏதாவது செய்யலாமா? மரம், தங்கம், பஞ்சு, கண்ணாடி. டேபிள் காமன், அது எதால செஞ்சதோ அந்த வுட் மெட்டீரியல். வுடன் சேர்னு வந்தா அந்த வுடன் நவுனே இல்ல, நாற்காலி எப்படிப்பட்டதுன்னு சொல்ற அட்ஜெக்டிவ். கிளாஸ்னா கண்ணாடி, எ கிளாஸ்னா டம்ளர். அயர்ன்னா இரும்பு, அன் அயர்ன்னா துணி தேய்க்கிற பொட்டி. "எ" வந்தா பொருள் மாறுது, திரும்பவும் ஆறாவது ஸ்டெப்தான்.

9. அப்ஸ்ட்ராக்ட்: "பாக்க முடியாதது"ன்னு சொல்லிக்குடுக்காதீங்க

நான் அப்படித்தான் சொன்னேன். ராத்திரி படுத்துக்கிட்டே ஒரு லிஸ்ட் சொன்னா: காத்து, வாசன, கரண்ட், பேய். "பேய பாக்க முடியாதுல்லப்பா, அப்ப அது அப்ஸ்ட்ராக்ட்தான?" என்ன சொல்றது! காத்து மூஞ்சியில அடிக்குது, வாசன மூக்குக்குத் தெரியுது, கண்ணு மட்டுமா இருக்கு நமக்கு. பேய் இருக்கோ இல்லையோ, கதையில அது வெள்ளத் துணி போட்டுக்கிட்டு வரும், ஒரு கோஸ்ட் ரெண்டு கோஸ்ட்ஸ்னு எண்ணலாம், அதனால காமன், கவுண்டபிள்.

அதனால டெஃபனிஷன மாத்துங்க: அஞ்சு புலன்ல எதுலயும் சிக்காது, ஆனா மனசுலயோ குணத்துலயோ வாழ்க்கையிலயோ இருக்கு. கோபம், தைரியம், நட்பு, சுதந்திரம். நடந்த சம்பவத்த வெச்சுச் சொன்னா நல்லா ஏறும், தம்பிக்கு பென்சில் குடுத்தியே அது கைண்ட்னஸ், கீழ விழுந்தும் அழாம எந்திரிச்சியே அது பிரேவரின்னு.

பெரிய குழப்பம் ஹேப்பியா ஹேப்பினஸ்ஸா. அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. முன்னாடி "எ லாட் ஆஃப்" போட்டுப் பாருங்க. எ லாட் ஆஃப் ஹேப்பினஸ், சரியா வருது. எ லாட் ஆஃப் ஹேப்பி, காதுலயே ஒதைக்குது. சேட் சேட்னஸ், பிரேவ் பிரேவரி, ஆனஸ்ட் ஆனஸ்டி, எல்லாத்துக்கும் பெரும்பாலும் வேலை செய்யும். நெஸ், ஹுட், ஷிப், டம்னு முடியிற சொல்லுங்கள ஒரு பக்கத்துல சேத்துக்கிட்டே வாங்க, சைல்ட்ஹுட், ஃப்ரெண்ட்ஷிப், ஃப்ரீடம்னு. நல்லங்கிறது நன்மைன்னு ஆகுற மாதிரின்னு இப்ப தமிழ தொட்டுக்கலாம்.

10. ஒரே சொல்லு ரெண்டு பொட்டியில இருந்தா பயப்படாதீங்க

டீம் கலெக்டிவ்வும்தான், கவுண்டபிளும்தான், ஏன்னா த்ரீ டீம்ஸ்னு எண்ணலாம். வாட்டர் மெட்டீரியலும்தான், அன்கவுண்டபிளும்தான். பொட்டி பொட்டியா பிரிச்சு சொல்லிக்குடுத்தா பிள்ளை இங்க ஒடஞ்சு போகும், கேள்வியா சொல்லிக்குடுத்தா ஒடையாது. தனியா வெச்ச பேரா? கூட்டத்தோட பேரா? செய்யிற பொருளா? புலன்ல சிக்காததா? எதுக்கும் இல்லன்னா காமன். இந்த வரிசையில கேட்டுட்டு, கடைசியா தனியா ஒரு கேள்வி, எண்ணலாமா? ஒவ்வொரு சீட்டுக்கும் வாய்விட்டுக் கேட்டுப் பழகட்டும்.

11. டெஸ்ட் எப்ப, எப்படி

ஒரு வகை முடிஞ்ச ஒடனே டெஸ்ட் வெக்காதீங்க, ஒரு வாரம் கழிச்சு வெச்சாதான் தங்கியிருக்கா இல்லையான்னு தெரியும். கதைப் புக்ல ஒரு பாரா, 8 நவுன் இருந்தா போதும். தப்பு வந்தா ஒடனே திருத்தாம எந்தக் கேள்வியில சறுக்குனான்னு பாருங்க, பெரும்பாலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப படுத்தும்.

ஒர்க்‌ஷீட்ல உங்க பதிலும் டீச்சரோட பதிலும் வேற வேறயா இருந்தா பிள்ளை முன்னாடி டீச்சர் தப்புன்னு சொல்லிராதீங்க. பெரும்பாலும் அந்தக் கேள்வி தனிச் சொல்லா இருக்கும், ஆரஞ்சுன்னு மட்டும் குடுத்திருப்பாங்க, அது பழமா கலரான்னு யாருக்குத் தெரியும். நோட்டோட கடைசிப் பக்கத்துல அந்த மாதிரி சொல்லுங்கள எழுதி வெச்சு, டீச்சரப் பாக்கும்போது மொத்தமா கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை. எங்க நோட்டுல அந்தப் பக்கத்துல மொத சொல்லு பேய். கேட்டுட்டு வந்தா, காமன்னுதான் சொன்னாங்களாம்.